கேக்குக்குக் கழிவு உண்டா?

எங்கள் ஊரில் யாரும் விலை கேட்பதில்லை. கழிவு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஊர் வாயில் அது ‘களிவு’.

வெளியூரிலிருந்து சிவகாசிக்கு வெடி வாங்க வருகிறவர்களுக்கு இது முதலில் புரியாது. பட்டியலில் ஒரு பெட்டி பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, நானூறு ரூபாய் என்று அச்சிட்டிருக்கும். பட்டியலின் அடியில் 80% கழிவு என்றும் அச்சிட்டிருக்கும். எண்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு, முந்நூற்று இருபது ரூபாயை மிச்சம் பிடித்த பூரிப்போடு போவார்கள். அந்த நானூறு ரூபாயை இதுவரை யாரும் கொடுத்ததில்லை. விற்பவனுக்கும் அதை வாங்கும் எண்ணம் கிடையாது. அது அச்சிடுவதற்கான விலை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் செல்வியக்கா, மைதாவும் முட்டையும் வெண்ணெயும் என்ன ஆயிற்று, தன் கைக்கு எவ்வளவு கூலி என்று கூட்டி, வந்த தொகையை அப்படியே விலையாகச் சொன்னாள். அவள் செய்த குற்றம் அதுதான்.

அவள் முழுப்பெயர் மாரிசெல்வி. தாயில்பட்டி பக்கத்துக் கிராமத்துக்காரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, இரும்புக் கம்பியில் பசை தடவிய பழுப்புத்தாளைச் சுற்றி வெடிக்குழாய் உருட்டி வளர்ந்தவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. வேன் ஏறி வெடிக் கம்பெனிக்குப் போனாள். அங்கேயும் குழாய்தான். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு குழாய். சாயங்காலம் போர்மேன் ஒச்சப்பன் வந்து அவளுடைய குழாய்களைக் கையில் அள்ளிப் பார்ப்பார். “இது கோணல், இது லூசு” என்று ஒவ்வொரு குரோஸிலும் இருபது முப்பதைத் தனியாக ஒரு கூடையில் போடுவார். அந்தக் கூடைக்குப் பெயரும் கழிவுதான். கழிவுக்குக் கூலி இல்லை.

“மறுநாள் போய்ப் பாத்தா அந்தக் கூடை காலியா இருக்கும் மீனா. எல்லாம் மருந்து அடைச்சு லோடுல ஏறிப் போயிருக்கும். கோணக் குழாய் மட்டும் வெடிக்காமயா போச்சு? என் கூலிதான் வெடிக்காமப் போச்சு” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சிவகாசியில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டுக்கு வந்தாள். அவளுடைய கணவர் முனியராஜ், கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். செல்வியக்கா மட்டும் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. அவளுடைய அத்தை மகள் வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்து, தீ விபத்தில் இரண்டு முழங்கையும் வெந்து சுருங்கி வீட்டில் இருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டு வந்த நாளில் செல்வியக்கா முடிவெடுத்தாள். பஜாரில் ஒரு பேக்கரியில் பெட்டி மடிக்கச் சேர்ந்தாள். கேக் மாஸ்டர் ஊருக்குப் போன ஒரு நாளில் கிரீம் பிழியும் கூம்பைக் கையில் எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைக்கவில்லை.

ஃபாண்டன்ட் என்ற பெயர் எங்கள் காம்பவுண்டில் யார் வாயிலும் நுழையவில்லை. பிரவுசிங் சென்டரில் ஆங்கிலத்தில் இருந்த செய்முறையை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பொடித்த சீனி, ஜெலட்டின், குளுக்கோஸ், கிளிசரின். பிசைந்தால் பூரி மாவுபோல் திரண்டு வரும். தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தினால் சுவருக்குப் பூசிய சுண்ணாம்புபோல் வழவழவென்று நிற்கும். செல்வியக்கா அதைச் சீனிமாவு என்றாள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கு அது ஐந்து நிமிடத்தில் காய்ந்து வெடித்துவிடும். ஈரத்துணிக்குள் வைத்து, வேண்டிய அளவு மட்டும் கிள்ளி எடுத்து, பொம்மையும் பூவும் செய்வாள். கம்பியில் தாள் சுற்றிய விரல்கள் சீனிமாவையும் அதே மாதிரி இழுத்துச் சுற்றின. பேக்கரியில் கழித்துப்போட்ட பழைய ஓவனைத் தவணையில் வாங்கினாள். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து அடுப்பு, மீதி நேரமெல்லாம் அலங்காரம்.

கேக்கைப் பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். விலையைக் கேட்டதும் அந்த வாய் வேறு மாதிரி ஆகும்.

“பேக்கரியில கிலோ எரநூறு. நீ பொம்மை கேக்குன்னு எழுநூறு சொல்லுத. சரி, களிவு எம்புட்டு?”

“களிவு இல்லக்கா.”

“இல்லன்னா?”

“இல்லக்கா. அதான் வெல.”

“களிவு இல்லன்னா என்ன அர்த்தம்? மேல சுத்தியிருக்கது சீனிதான? சீனி கிலோ இருவது ரூவா.”

இதைச் சொன்னவர் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் வீட்டம்மா. அவருடைய அச்சகத்துக்குப் போய், காலண்டரில் இருப்பது வெறும் தாள்தானே, தாள் கிலோ எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் என்ன செய்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எதிர்வீட்டு வேலுத்தாய்க்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. “ஏ கூறுகெட்டவளே, ஆயிரத்து நானூறுன்னு சொல்லு. பாதி களிவுன்னு சொல்லு. அவளுக்கும் மனசு குளுந்துரும், உனக்கும் எழுநூறு வந்துரும். ஊரே அப்படித்தான பொழைக்குது?”

“ஊரு பொழைக்கட்டும்” என்றாள் செல்வியக்கா. “ரெண்டு நாள் நிமிராம உக்காந்து ஒரு மயிலு செஞ்சேன். அதுக்கு நான் ஒரு பொய் வெலயச் சொல்லி, நானே அதுல பாதியத் தள்ளி, அவ என்னமோ எங்கிட்ட செயிச்ச மாதிரி போவணுமாக்கும்? எனக்கு வேண்டாம்.”

“ரோசத்த வச்சு அரிசி வாங்க முடியாதுடி.”

அது உண்மை. சில மாதம் மூன்று கேக், சில மாதம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு, இரண்டாயிரத்து எட்டு, தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகள் பூட்டியிருந்தபோது வேனும் ஓடவில்லை, கேக்கும் ஓடவில்லை. முனியராஜ் அண்ணன் கத்துகிற ஆள் கிடையாது. அவர் மெதுவாகச் சொன்னது சுவர் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

“தை மாசம் வரைக்கும் பாப்போம் செல்வி. இல்லன்னா கம்பெனிக்குப் போயிரு. ஒச்சப்பன் அண்ணாச்சிகிட்ட பேசிட்டேன். மேனேஜராயிட்டாக இப்ப. எடம் இருக்காம்.”

“எந்த ரூம்ல?”

அவர் பாயை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.

“எந்த ரூம்லன்னு கேட்டேன்.”

“மருந்து அடைக்கிற ரூம்லதான். கூலி சாஸ்தி.”

மறுநாள் செல்வியக்கா என்னை உட்காரவைத்து ஒரு விலை அட்டைக்கு வாசகம் எழுதச் சொன்னாள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். வாயால் சொன்னால்தானே பேரம், அச்சில் இருந்தால் கேட்கமாட்டார்கள் என்பது அவள் எண்ணம். கேக் கிலோ நானூறு, சீனிமாவு வேலைக்குக் கூலி தனி என்று அவள் சொன்னபடியே எழுதினேன். ‘கூலி’ வேண்டாம், ‘அலங்காரக் கட்டணம்’ என்று போடலாம் என்றேன். “கூலிதான். அப்படியே போடு” என்றாள். முனியராஜ் அண்ணனுக்குத் தெரிந்த சின்ன அச்சகம் ஒன்றில் ராக்கப்பன் என்பவரிடம் தாளைக் கொடுத்தாள். கட்டுக் கட்டாக மஞ்சள் அட்டை வந்தது. பெயரும் போன் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். விலையைப் பார்த்தோம். சந்தோஷப்பட்டோம்.

கம்பெனி திறந்த வாரத்தில் ஒச்சப்பன் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். முதலாளி பேரனுக்கு முதல் பிறந்தநாள், மண்டபத்தில் விழா, மூன்று அடுக்குக் கேக், சுற்றிலும் வெடி வேண்டும் என்றார்.

“வெடின்னா?”

“நம்ம கம்பெனி ஐட்டம்தான். சரவெடி, பூச்சட்டி, சங்குசக்கரம், ராக்கெட்டு. எல்லாம் சீனியில. நீ உருட்டாத குழாயா?” என்று சிரித்தார்.

எட்டுக் கிலோ கேக், மூவாயிரத்து இருநூறு. வேலைக்கூலி இரண்டாயிரத்து எண்ணூறு. மொத்தம் ஆறாயிரம் என்றாள் அக்கா. ஒச்சப்பன் மஞ்சள் அட்டையை வாங்கி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

“கூலின்னு போட்டிருக்கியே. நீ மாறவே இல்ல செல்வி.” அட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். ஐநூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். “அட்டையில உள்ளபடி மீதியக் குடுத்துருதேன்.”

அவர் போன பிறகு செல்வியக்கா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பாத்தியா மீனா? களிவுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அச்சுக்கு ஒரு மரியாதை இருக்கு” என்றாள். முனியராஜ் அண்ணனிடம், தை மாசக் கதையை இனி பேசக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார்.

நான்கு நாள் காம்பவுண்டே அந்தக் கேக்காக இருந்தது. வெண்ணெய் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டை வேலுத்தாய் வீட்டில். செல்வியக்கா சிவப்புச் சாயம் சேர்த்த சீனிமாவைத் தகடாகத் தேய்த்துக் கம்பியில் சுற்றி, சின்ன விரல் அளவு குழாய்களாக உருவினாள். ஒவ்வொன்றுக்கும் பச்சைச் சீனியில் திரி. நூற்றுக்கணக்கில் செய்து, நூல் போன்ற சீனி இழையில் கோத்துச் சரம் ஆக்கினாள். ஒன்று கோணலாக வந்தால் எடுத்துத் தின்றுவிடுவாள். “என் களிவு என் வயித்துக்கு” என்பாள். அந்த நாட்களில்தான் அவள் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

விழா அன்று முனியராஜ் அண்ணன் வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கேக்கை ஏற்றினார். அடுக்குகள் தனி, வெடிகள் தனி அட்டைப்பெட்டிகளில். பெட்டி பிடிக்க நானும் போனேன். மண்டப மேடையில் அடுக்குகளை ஏற்றி, வெடிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்தபோது பிள்ளைகள் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டான். அவ்வளவு நிஜமாக இருந்தது.

செல்வியக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒச்சப்பனிடம் போனாள். அவர் ஏழு நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கையில் வைத்தார்.

“அண்ணாச்சி, ஐயாயிரத்து ஐநூறு வரணும்.”

“யாரு சொன்னா? உன் அட்டைதான் பேசுது.” சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். கடைசி வரியில் நகத்தை வைத்தார்.

80% கழிவு உண்டு.

நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் அந்த வரி இல்லை. அச்சகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அட்டைக்கட்டு வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்திருப்போம், ஆனால் படிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எந்தப் பட்டியலிலும் அடியில் அது இருக்கும்.

“ஆறாயிரத்துல எம்பது போனா ஆயிரத்து எரநூறு. அட்வான்ஸ் ஐநூறு போக எழுநூறு. கணக்குச் சரியா?”

“இது பிரஸ்காரரு தப்பு அண்ணாச்சி. நான் போடச் சொல்லல.”

“அச்சுல வந்துட்டா வந்ததுதான்.”

“சாமானுக்கே ரெண்டாயிரம் ஆச்சு.”

“அட போம்மா. களிவுக்குத் தோதா ஏத்தித்தான போட்டிருப்ப? முப்பது வருசமா லிஸ்ட் பாக்கேன். நம்ம ஊர்ல எவன் நெச வெலய அச்சடிச்சிருக்கான்?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இதில் என்னை இன்றைக்கும் எரிக்கிறது என்னவென்றால், அவர் ஏமாற்றுகிற முகத்தோடு அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார். ஒருத்தி தன் வேலைக்குச் சரியான விலையைச் சொல்வாள் என்பது அவர் புத்திக்கு எட்டாத சங்கதி.

முனியராஜ் அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டார். “வாங்கிட்டு வா செல்வி. போயிருவோம்.”

“பிடிக்கலன்னா தை மாசம் கம்பெனிக்கு வா” என்றார் ஒச்சப்பன், அன்பாகவே. “எடம் வச்சிருக்கேன்.”

செல்வியக்கா எழுநூறு ரூபாயைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“சரி அண்ணாச்சி” என்றாள். “களிவு உண்டுன்னு போட்டிருக்கு. குடுக்கத்தான் வேணும்.”

மேடைக்கு ஏறினாள். உச்சியில் நின்ற ராக்கெட்டை எடுத்தாள். “மீனா, பெட்டியக் கொண்டா.”

நான் கொண்டுபோனேன். ராக்கெட், பூச்சட்டி, சங்குசக்கரம் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வந்தன. சரவெடியைச் சுருட்டி எடுத்தாள். பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். மேல் அடுக்கைத் தூக்கி இறக்கினாள். நடு அடுக்கை இறக்கினாள். பிறகு கத்தியை எடுத்து, கீழ் அடுக்கைப் போர்த்தியிருந்த சீனிமாவை விளிம்பில் கீறி, பழைய போஸ்டரைச் சுவரிலிருந்து உரிப்பதுபோல் உரித்து எடுத்தாள். பூவும் பொட்டும் இல்லாமல், பழுப்பாக, ஓரத்தில் வெண்ணெய் பிசிறிக்கொண்டு ஒரு கேக் மேடையில் நின்றது.

“ஏய், என்ன செய்யுத?” ஒச்சப்பன் ஓடிவந்தார்.

“எம்பது பங்கு களிச்சிட்டேன் அண்ணாச்சி. இது ஆயிரத்து எரநூறு ரூவா கேக். கோணல் கீணல் இருக்கான்னு பாத்துக்கோங்க. நீங்கதான் பாப்பீகளே.”

“ஏலே முனியராசு! உம்பொண்டாட்டிக்கு என்ன கிறுக்கா?”

முனியராஜ் அண்ணன் சட்டைப்பையில் வேன் சாவியைத் தேடினார்.

“அன்னிக்கு நீங்க கூடையில களிச்சதுக்கு எனக்குக் கூலி தரல” என்றாள் செல்வியக்கா. குரல் ஏறவில்லை. “ஆனா அந்தக் குழாயெல்லாம் வித்துட்டீக. இன்னிக்கு நான் களிச்சது என் பெட்டியில இருக்கு. அதான் வித்தியாசம்.”

அதற்குள் முதலாளியம்மா பட்டுச்சேலை சரசரக்க வந்துவிட்டார். இடுப்பில் பிறந்தநாள் பிள்ளை. மேடையைப் பார்த்தார், ஒச்சப்பனைப் பார்த்தார். ஒச்சப்பன் அட்டையைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“போட்டோக்காரன் நிக்கான். இப்ப வந்து கணக்குப் பேசுதீரு” என்று முதலாளியம்மா அவர் பேச்சை வெட்டிவிட்டு, செல்வியக்காவிடம் “எம்புட்டும்மா?” என்றார்.

“ஐயாயிரத்து ஐநூறும்மா.”

கைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். செல்வியக்கா அந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் அடுக்குகளை ஏற்றினாள். “உரிச்சத ஒட்ட முடியாதும்மா. சரவெடிய அடியில சுத்தி மறைச்சுத் தாரேன்” என்றாள். மறைத்தும் கொடுத்தாள். வலது பக்கம் ஓரிடத்தில் மட்டும் பழுப்பு தெரிந்தது. அதைச் சரிசெய்ய அவளிடம் சீனிமாவு இருந்தது. அவள் செய்யவில்லை.

நாங்கள் பெட்டிகளைத் தூக்கும்போது முதலாளியம்மா எங்கள் காதில் விழும்படி கேட்டார். “அவ புருசன் வண்டிதான நம்ம கம்பெனிக்கு ஓடுது?”

“ஆமாம்மா” என்றார் ஒச்சப்பன்.

அடுத்த வாரமே அந்த வேனை நிறுத்திவிட்டார்கள். வேன் சொந்தக்காரர் ஆலங்குளம் பக்கம் ஒரு டிரிப் பிடித்துக் கொடுத்தார். தூரம் அதிகம், சம்பளம் குறைவு. முனியராஜ் அண்ணன் கொஞ்ச நாள் செல்வியக்காவோடு பேசவில்லை. வேலுத்தாய் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினாள். “அன்னிக்கே சொன்னேன், ஆயிரத்து நானூறுன்னு சொல்லி பாதியக் களிடின்னு.” ஒரு கேக்குக்குச் சரியான கூலி கேட்டவளின் புருஷனுக்கு வேலை போகிறது. காம்பவுண்டில் அத்தனை பேரும் அவளைத்தான் குறை சொன்னார்கள். மண்டபத்தில் நின்ற யாரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மருந்து அடைக்கிற அறையைப் பற்றி அந்த வீட்டில் பிறகு பேச்சே வரவில்லை. வரவும் முடியாது. அந்தக் கம்பெனி வாசலை அவளே அடைத்துவிட்டு வந்திருந்தாள். இனிக் கேக் மட்டும்தான்.

மிச்ச மஞ்சள் அட்டைகளை எடுத்துக்கொண்டு அவள் ராக்கப்பனிடம் போனாள். துணைக்கு நான் போனேன்.

“இத யாரு போடச் சொன்னா?”

ராக்கப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்குத் தவறே விளங்கவில்லை. “விலை லிஸ்டுன்னு குடுத்தீகளே தாயி. களிவு இல்லாம லிஸ்டு உண்டா? பாவம் மறந்துட்டீகன்னு நானே சேர்த்தேன். எம்பதுதான் இப்ப ஊர்ல ஓடுது. காசுகூட கூட்டி வாங்கல.”

செல்வியக்கா அட்டைக்கட்டை அவர் மேஜைமேல் வைத்தாள்.

“புதுசா அடிச்சுக் குடுங்க. அந்த வரி வேண்டாம்.”

“அப்ப அந்த எடத்துல என்ன போட? மொட்டையா நிக்கும்.”

“நிக்கட்டும்.”

“பத்து பர்சென்டாவது போடுவோமா?”

“அண்ணே!”

“சரி சரி. கத்தாதீக.”

புதிய அட்டை வந்தது. அடியில் ஒரு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த முதல் போனை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பெண் குரல். மகளுக்குப் பொம்மை கேக் வேண்டுமாம். எல்லா விவரமும் கேட்டுவிட்டு, கடைசியாக, “அட்டையில ஒண்ணும் போடலியே, களிவு எம்புட்டும்மா?” என்றார்.

செல்வியக்கா கையில் சீனிமாவு பிசைந்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தாள்.

“எதக் களிக்கணும்னு சொல்லுங்க” என்றாள். “பொம்மைக்குக் கையா, காலா, தலையா? அத விட்டுட்டு மீதியச் செஞ்சு தாரேன்.”